புது டிஸ்க், புதுப் பேட் போட்டும் பிரேக் ஏன் பிடிக்கவில்லை?

களுவாஞ்சிகுடியிலிருந்து ஒரு தம்பி கேட்டிருக்கிறார். 2016ஆம் ஆண்டு வண்டி, 150 சிசி பல்சர். சில்லோடு சுற்றுகிற முன் டிஸ்க் தேய்ந்து விளிம்பில் கரை கட்டிவிட்டதால் டிஸ்க்கும் அதை இறுக்கிப் பிடிக்கிற பேட்டும் புதிதாக வாங்கி நேற்று கராஜில் போட்டிருக்கிறார். "பழசே நல்லா நின்றது. புதுசு லீவரை இறுக்கிப் பிடித்தாலும் வழுக்கிக்கொண்டு போகுது. கராஜ் பாஸ் 'ஓட ஓடச் சரிவரும்' என்கிறார். கூட்டாளி ஒருத்தன், மெட்டல் பேட் போட்டது பிழை, டிஸ்க்கைத் தின்னும் என்கிறான். அடுத்த கிழமை மனைவியோடு மகியங்கனை வழியாகக் கண்டிக்குப் போக வேண்டும். நம்பிப் போகலாமா? பழைய டிஸ்க்கை லேத்தில் கடைந்து வைத்துக்கொள்ளலாமா?" என்று கேள்விகள்.

மட்டக்களப்பு டவுனில் ஸ்பெயார் பார்ட்ஸ் கடைக் கவுண்டருக்குள் பதினொரு வருஷம் நின்றவன் நான். அதற்கு முன் மாமாவின் கராஜில் ஸ்பனர் எடுத்துக் கொடுத்த காலம் தனி. பேட் வாங்கிப் போனவர்கள் இரண்டு நாளில் திரும்பி வந்து இதே முறைப்பாட்டைச் சொல்வது மாதத்தில் நாலைந்து தடவை நடக்கும். அதில் பேட் உண்மையிலேயே கூடாமல் இருந்தது மிகக் குறைவு.

தம்பி, பாஸ் சொன்னது பாதி சரி. புது பிரேக் பச்சையாக இருக்கும், ஓடித்தான் பழக வேண்டும். ஆனால் "ஓட ஓட" என்று சும்மா விட்டால் அது எப்படிப் பழகும் என்பது உங்கள் அதிர்ஷ்டம். கன்றை வண்டியில் பூட்டிப் பழக்காமல் வயலில் அவிழ்த்து விட்டுவிட்டு, தானாகப் பழகும் என்று சொல்வது போல. கராஜில் முடிந்தது முக்கால் வேலை. மிச்சக் கால் வேலை வீதியில், உங்கள் கையால் நடக்க வேண்டியது. அரை மணித்தியாலம் போதும்.

அதற்கு முன் ஒரு சந்தேகத்தைத் தீர்த்துவிட வேண்டும். புது டிஸ்க் பெட்டியிலிருந்து வரும்போது அதன் மேல் மெல்லிய எண்ணெய்ப் பூச்சு இருக்கும். கப்பலிலும் களஞ்சியத்திலும் துருப்பிடிக்காமல் இருக்கப் பூசுவது. கண்ணுக்குச் சரியாகத் தெரியாது, விரலால் தடவினால் ஒரு வழவழப்பு மட்டும் இருக்கும். அவசரத்தில் இருக்கிற கராஜில் பொலித்தீனைக் கிழித்து டிஸ்க்கை அப்படியே மாட்டிவிடுவார்கள். முதல் பத்துத் தடவை பிரேக் பிடிப்பதிலேயே அந்த எண்ணெய் பேட்டுக்குள் ஊறிவிடும். நீங்கள் சொல்கிற "இறுக்கிப் பிடித்தாலும் வழுக்குது" என்பது வெறும் பச்சை பிரேக்கின் குணத்தை விடக் கொஞ்சம் கூடுதலாக எனக்குப் படுகிறது. பாஸிடம் கோபிக்காமல் கேட்டுப் பாருங்கள்: "அண்ணே, டிஸ்க்கைத் துடைச்சிட்டா போட்டீங்க?" அவர் ஒரு நொடி யோசித்தால் பதில் கிடைத்துவிட்டது.

வீட்டிலேயே பார்க்கலாம். டிஸ்க் நன்றாக ஆறியிருக்கும்போது பழைய வெள்ளைச் சாரத்துண்டு ஒன்றில் பிரேக் கிளீனர் அடித்து டிஸ்க்கின் இரண்டு பக்கமும் அழுத்தித் துடையுங்கள். பிரேக் கிளீனர் கிடைக்காவிட்டால் பார்மசியில் வாங்குகிற ஐசோபுரொபைல் அற்ககோல். துணியில் சாம்பல் நிறத் தூள் வந்தால் பிரச்சினை இல்லை, அது பேட்டின் தூள். மஞ்சளாக, பிசுபிசுப்பாக ஒரு கறை வந்தால் எண்ணெய்தான். துணி சுத்தமாக வரும்வரை துடையுங்கள். பெற்றோல், மண்ணெண்ணெய் இரண்டும் வேண்டாம், உலர்ந்த பிறகும் எண்ணெய்ப் படை விட்டுவிட்டுத்தான் போகும். துரு கழற்ற அடிக்கிற ஸ்பிறேயை டிஸ்க்கில் அடித்தவர்களையும் கண்டிருக்கிறேன். அவர்களுக்குக் கொஞ்சம் ஆயுசு கெட்டி.

பேட்டைக் கழற்றி முகத்தைப் பாருங்கள். ஒரு நாள்தான் ஓடியிருப்பதால் எண்ணெய் மேலோடுதான் இருக்கும். தட்டையான கண்ணாடி அல்லது டைல்ஸ் துண்டின் மேல் 120 நம்பர் சாண்ட் பேப்பரை விரித்து, பேட்டை எட்டுப் போடுவது போல மெதுவாகத் தேயுங்கள். சீமெந்துத் தரையில் தேய்க்கிற பழக்கம் நம்மூரில் உண்டு. அது முகத்தைக் கோணலாக்கிவிடும், மணலும் குத்தி நிற்கும். தேய்த்த பிறகும் முகம் இருண்டு திட்டுத் திட்டாக இருந்தால் அந்தப் பேட்டை விட்டுவிட்டுப் புதிது வாங்குங்கள். பெற்றோல் ஊற்றிக் கொளுத்தி எண்ணெயை எரிக்கிற வித்தையும் சில கராஜ்களில் நடக்கிறது. மேலே எரியும், உள்ளே ஊறியது அப்படியே இருக்கும். மறுகா பிரேக் சூடேறும்போது மெல்ல மேலே வரும். கடைக்காரன் பேட் விற்கப் பார்க்கிறான் என்று நினைக்க வேண்டாம், நான் இப்போது கடையில் இல்லை.

இன்னொரு எண்ணெய் ஊற்றும் இருக்கிறது: முன் சில்லைத் தாங்குகிற ஃபோர்க்கின் ஒயில் சீல். அது கசிந்தால் ஒயில் ஃபோர்க் காலோடு வழிந்து, பேட் இருக்கிற கலிப்பரில் இறங்கும். கலிப்பர் இருக்கிற பக்கத்துக் காலை விரலால் தடவிப் பாருங்கள். ஈரமாக இருந்தால் முதலில் சீல், பிறகுதான் பேட். வரிசையை மாற்றினால் இரண்டு பேட்டுக்குச் சல்லி கொடுக்க வேண்டி வரும்.

சரி, எண்ணெய் இல்லை என்று வைத்துக்கொள்வோம். அப்படியிருந்தும் புதுசு ஏன் பழசை விட மோசமாக நிற்கிறது?

புதுப் பேட்டின் முகமும் புது டிஸ்க்கின் முகமும் கண்ணுக்குத் தட்டையாகத் தெரியும். உண்மையில் இரண்டிலும் மேடு பள்ளம் உண்டு. மேடுகள் மட்டும்தான் ஒன்றையொன்று தொடுகின்றன. முழு முகமும் தொடும்வரை மேடுகள் தேய வேண்டும், அது முதலாவது வேலை. இரண்டாவது வேலை அதைவிட முக்கியம். சூட்டில் பேட்டின் பொருள் கொஞ்சமாக உருகினாற்போல் டிஸ்க்கின் மேல் ஏறி, முடியை விடப் பல மடங்கு மெல்லிய ஒரு படலமாகப் படிய வேண்டும். பழகிய பிரேக்கில் பேட் பிடிப்பது வெறும் உருக்கை அல்ல, தன்னுடைய பொருளையே. அந்தப் படலம் சுற்றிவர ஒரே அளவாகப் படிந்தால் பிரேக் மெத்தென்று பிடிக்கும். ஓரிடத்தில் தடிப்பாகவும் ஓரிடத்தில் மெல்லிசாகவும் படிந்தால், ஒவ்வொரு சுற்றிலும் பேட் அந்தத் தடிப்பில் ஏறி இறங்கும். லீவர் கையில் துடிக்கும். "டிஸ்க் வளைஞ்சிட்டு" என்று எங்களிடம் வந்தவர்களில் பெரும்பாலானவர்களின் டிஸ்க் வளையவே இல்லை. புதுப் பேட் போட்ட அன்று நன்றாகச் சூடாக்கிவிட்டு, சிக்னலிலோ வீட்டு வாசலிலோ லீவரைப் பிடித்தபடியே நின்றிருப்பார்கள். சூடான பேட் நின்ற இடத்தில் தன் அச்சைப் பதித்துவிடும்.

மூன்றாவதாக ஒன்று, பிசின் கட்டிய பேட்டுகளுக்கு மட்டும். அதன் பொருளைக் கட்டி வைத்திருக்கிற பிசின் முதல் தடவை நன்றாகச் சூடாகும்போது வாயு விடும். அந்த வாயு பேட்டுக்கும் டிஸ்க்குக்கும் இடையில் நின்று, பிடி திடீரெனக் குறையும். ஒரு மாதிரி எரிந்த வாசமும் வரும். இது மகியங்கனை – கண்டி மலை வீதியில் வருகிற பதினெட்டு வளைவில் நடக்கக் கூடாது என்பதற்காகத்தான் முன்கூட்டியே வெட்டையான வீதியில் நடத்தி முடிக்கிறோம்.

பழக்குகிற முறை இதுதான். வீதியில் இறங்குமுன் லீவரைப் பல தடவை அடித்து, அது கல்லுப் போல நிற்கிறதா என்று பாருங்கள். இதை ஏன் அழுத்திச் சொல்கிறேன் என்றால், பேட் மாற்றும்போது, பேட்டை அழுத்துகிற பிஸ்டனைப் பின்னால் தள்ளுவார்கள். தள்ளிய பிறகு முதல் நாலைந்து அடி காற்றில் போகும், பேட் டிஸ்க்கைத் தொடவே தொடாது. கராஜில் இருந்த காலத்தில் ஒரு மாலை, நானே பேட் மாற்றிய வண்டியை "இந்தா வாறன்" என்று ஏறி ஸ்டார்ட் பண்ணி, கேட்டுக்கு வெளியே சரிவில் இறக்கினேன். லீவர் கைப்பிடியோடு ஒட்டிக்கொண்டது. எதிரே நிறுத்தியிருந்த ஓட்டோவின் பின்பக்கத்தில்தான் நின்றேன். ஓட்டோக்காரரை விட மாமா அதிகம் ஏசினார். அன்றிலிருந்து ஏறுமுன் லீவரை அடிக்காமல் எந்த வண்டியிலும் கால் போடுவதில்லை, சும்மா நிற்கிற வண்டியானாலும்.

இடம் முக்கியம். களுவாஞ்சிகுடி – கல்முனை பெரிய வீதியில் இது சரிவராது, பின்னால் வருகிற பஸ்காரருக்கு நீங்கள் என்ன செய்கிறீர்கள் என்று தெரியாது. விடியற்காலையில் பட்டிருப்புப் பாலம் தாண்டி, வாவிக்கு அப்பால் இருக்கிற படுவான்கரைப் பக்கம் போங்கள். வெல்லாவெளி நோக்கி வயல் நடுவே நீளமான வெட்டை கிடைக்கும். டவுன் பக்கத்தில் இருக்கிறவர்களுக்கு வலையிறவுப் பாலம் தாண்டி வவுணதீவுப் பக்கம். மாடு குறுக்கே வரும், அது படுவான்கரை, அவைகளின் ஊர். அறுவடைக் காலமானால் வீதியில் நெல் காயப் போட்டிருப்பார்கள், உழவு மெஷின் சேறு கொட்டிக்கொண்டு போயிருக்கும். அப்படியான நாளில் வேறு வீதி பாருங்கள். மழை நாளிலும் வேண்டாம், டிஸ்க் சூடேறாது.

முதலில் மணிக்கு 40 கிலோமீற்றரில் போய், முன் பிரேக்கை மட்டும் சீராக அழுத்தி 15 வரை இறக்குங்கள். நிற்க வேண்டாம். விட்டுவிட்டு மெல்ல வேகம் எடுத்து முந்நூறு நாநூறு மீற்றர் காற்றில் ஓடவிடுங்கள். மறுபடி. இப்படிப் பத்துத் தடவை. ஐந்தாறாவது தடவையிலேயே லீவரில் பிடி கூடுவது கைக்குத் தெரியும். பிறகு 60க்கு எடுத்து, கொஞ்சம் பலமாக, டயர் வழுக்காத அளவுக்கு அழுத்தி 15 வரை. இது ஏழெட்டுத் தடவை. ஏபிஎஸ், அதாவது சில்லு பூட்டாமல் தடுக்கிற அமைப்பு, உள்ள வண்டியானால் அது வேலை செய்யத் தொடங்கும் அளவுக்குப் போக வேண்டாம், லீவர் துடிக்கும்போது படலம் சீராகப் படியாது. இடையில் எரிந்த வாசம் வந்து பிடி குறைந்தால் பயப்படாதீர்கள். அதுதான் நான் சொன்ன வாயு. நாலைந்து கிலோமீற்றர் பிரேக் தொடாமல் ஓடி ஆறவிட்டு, விட்ட இடத்திலிருந்து தொடருங்கள்.

கடைசிப் பலத்த பிடிக்குப் பிறகு பிரேக்கைத் தொடாமல் ஐந்து கிலோமீற்றராவது ஓடுங்கள். வேகத்தை எஞ்சினாலேயே குறையுங்கள். வீட்டில் நிறுத்தும்போது லீவரைப் பிடித்தபடி நிற்காமல், காலால் பின் பிரேக்கை மிதித்து நிறுத்துங்கள். டிஸ்க்கைத் தொட்டுப் பார்க்கிற ஆசை வரும், தோல் உரியும். சூட்டோடு தண்ணீர் ஊற்றிக் கழுவவும் வேண்டாம்.

மறுநாள் வெளிச்சத்தில் டிஸ்க்கைப் பாருங்கள். புதுசாக மின்னிய முகம் மங்கி, பேட் ஓடுகிற பட்டை முழுவதும் ஒரே மாதிரி சாம்பல் நிறமாக, சாய்த்துப் பார்த்தால் லேசான நீலம் கலந்தாற்போல இருந்தால் பழகிவிட்டது. பட்டையில் பாதி மின்னி, பாதி மங்கியிருந்தால் பேட் முழு முகமும் தொடவில்லை. பெரும்பாலும் கலிப்பர் சறுக்குகிற ஊசிகள் இறுகியிருக்கும். இந்த வண்டிகளில் கலிப்பர் மிதக்கிற வகை. ஒரு பக்கத்திலிருந்து மட்டும் பிஸ்டன் தள்ளும், மற்றப் பக்கப் பேட்டைக் கலிப்பர் ஊசிகளின் மேல் சறுக்கி இழுத்து வரும். நம் கரையோர உப்புக் காற்றும் மணலும் அந்த ஊசியை இரண்டு மூன்று வருஷத்தில் பிடிக்க வைத்துவிடும். கழற்றித் துடைத்து சிலிக்கன் கிறீஸ் மெல்லிசாகப் பூச வேண்டும். சாதாரண கிறீஸ் ரப்பர் உறையை ஊதவைக்கும். பிஸ்டனைத் தள்ளுமுன் சோப்புத் தண்ணியும் பழைய டூத் பிரஷும் போட்டுத் தேய்த்துவிட்டுத் தள்ள வேண்டும், இல்லாவிட்டால் வெளியே ஒட்டிய ஊத்தையை நீங்களே சீலுக்குள் தள்ளியதாகிவிடும். இதைச் செய்கிற கராஜ் நல்ல கராஜ், கூலி ஐந்நூறு கூடுதலாகக் கேட்டாலும் கொடுங்கள்.

டிஸ்க் நேராக ஓடுகிறதா என்று பார்க்க டயல் கேஜ் தேடி அலைய வேண்டாம். ஒரு தென்னை ஈர்க்கை ஃபோர்க்கில் ரப்பர் வளையத்தால் கட்டி, அதன் நுனி டிஸ்க்கின் முகத்துக்கு மயிரிழை தூரத்தில் நிற்கும்படி வளைத்துவிடுங்கள். முன் சில்லைத் தூக்கி மெதுவாகச் சுற்றுங்கள். ஈர்க்குக்கும் டிஸ்க்குக்கும் இடையில் உள்ள வெளிச்சம் கூடிக் குறைவது கண்ணுக்குத் தெரியும். பல கம்பனிகளின் மனுவல் 0.3 மில்லிமீற்றரை எல்லையாக வைக்கிறது. அதைவிடக் கூட ஆடுகிறது என்று பட்டால், டிஸ்க்கைக் குறை சொல்லுமுன் டிஸ்க் பூட்டுகிற ஹப்பின் முகத்தைச் சுரண்டிப் பார்க்கச் சொல்லுங்கள். டிஸ்க் உட்காருகிற இடத்தில் 0.1 மில்லிமீற்றர் அளவான துருச் செதிலோ மணலோ ஒரு பக்கம் நின்றால், 240 மில்லிமீற்றர் டிஸ்க்கின் விளிம்பில் அது ஏறத்தாழ நாலு மடங்காகத் தெரியும்.

இப்போது "மெட்டல் பேட் டிஸ்க்கைத் தின்னும்" என்கிற கதைக்கு வருவோம். நம் கடைகளில் மெட்டல் என்று சொல்வது இரண்டு வேறு சாமான்களை. ஒன்று, பிசினுக்குள் இரும்பு நார், செம்புத் தூள் எல்லாம் கலந்து அழுத்தியது, அரை மெட்டல். மற்றது, பிசினே இல்லாமல் உலோகத் தூளை அழுத்திச் சூளையில் சுட்டது, சின்டர்டு. இவை இரண்டுக்கும் அப்பால் உலோகம் மிகக் குறைவாக உள்ள ஓர்கானிக் வகை. ஓர்கானிக் மெத்தென்று பிடிக்கும், சத்தம் குறைவு, டிஸ்க்குக்கு இதம். ஆனால் சீக்கிரம் தேயும், அதிகச் சூட்டில் சோர்ந்துவிடும். சின்டர்டு அதற்கு நேர்மாறு: சூடு தாங்கும், நீண்ட காலம் வரும், மழையில் ஓர்கானிக்கை விட வேகமாகப் பிடிக்கும், டிஸ்க்கைக் கூடுதலாகத் தேய்க்கும். அரை மெட்டல் நடுவில்.

கார்த்திகை மார்கழியில் பெய்கிற மழையை நினைத்தால் சின்டர்டு பக்கம் சாயத் தோன்றும். கண்டிப் பக்கம் அடிக்கடி போகிறவருக்கும் அதுதான். ஆனால் டிஸ்க் அதற்கேற்ற கடினம் இருக்க வேண்டும். மலிவு டிஸ்க்கில் சின்டர்டு போட்டால் கூட்டாளி சொன்னது பலிக்கும். டவுனுக்கும் வீட்டுக்கும் ஓடுகிற 100, 125 சிசி வண்டிக்கு அது வீண் செலவு. குளிரில் சின்டர்டின் முதல் பிடி சிலருக்கு மரம் போலப் படும். உங்கள் 150 சிசி வண்டிக்குக் கம்பனி என்ன வகை போட்டு அனுப்பியதோ அதே வகையில் ஜெனியூன் பேட் என்பதுதான் என் முதல் தேர்வு. உங்களுக்குக் கடையில் கொடுத்தது அரை மெட்டலாகத்தான் இருக்கும், பயப்பட வேண்டாம்.

பேட்டின் பின்தகட்டிலோ விளிம்பிலோ இரண்டு ஆங்கில எழுத்துகள் அடித்திருப்பதைப் பார்த்திருப்பீர்கள். அது கம்பனியின் பெயர்ச்சுருக்கம் இல்லை, பிடிமானத்தின் அளவு. முதல் எழுத்து சாதாரண சூட்டில், இரண்டாவது அதிகச் சூட்டில். ஈ என்றால் 0.25 முதல் 0.35 வரை, எஃப் என்றால் 0.35 முதல் 0.45, ஜி என்றால் 0.45 முதல் 0.55, எச் என்றால் அதற்கு மேல். எஃப்எஃப் என்று இருந்தால் சூடேறினாலும் அதே வகுப்பில் நிற்கும் என்று பொருள். ஜிஈ என்றால் சூட்டில் இரண்டு படி இறங்கிவிடும், மலைக்கு ஆகாது. இந்த எழுத்துகள் தேய்மானத்தைப் பற்றியோ மழையைப் பற்றியோ எதுவும் சொல்லாது. எழுத்தே இல்லாத பேட்டை நான் கையில் எடுப்பதில்லை.

டூப்பு சாமானைக் கண்டுபிடிக்கப் பலர் காந்தம் கொண்டு வருவார்கள். "ஒட்டுது பாருங்க, இது இரும்பு, ஸ்டெயின்லெஸ் இல்ல." தப்பு. டிஸ்க்குக்குப் பயன்படுத்துகிற கடினமான ஸ்டெயின்லெஸ் உருக்கில் காந்தம் ஒட்டும், அடுப்படிக் கோப்பை செய்கிற வகையில்தான் ஒட்டாது. மழையில் ஓர் இரவு நிறுத்திவிட்டுக் காலையில் பாருங்கள். முகம் முழுக்கச் செம்மஞ்சளாகப் பூத்திருந்தால் அது மலிவு இரும்பு. நல்ல டிஸ்க்கிலும் லேசாக ஒரு நிறம் ஏறலாம், முதல் இரண்டு பிடியில் போய்விடும். பேட்டில் பார்க்க வேண்டியது பொருளும் தகடும் சேருகிற விளிம்பு. நகத்தால் கீறினால் இடைவெளியோ வெடிப்போ இருக்கக் கூடாது. கடற்கரைப் பக்கம் ஓடுகிற, மீன் பெட்டி கட்டுகிற வண்டிகளில் உப்புத் தண்ணீர் அந்த இடுக்கில் இறங்கித் தகட்டைத் துருப்பிடிக்க வைத்து, பொருளைத் தகட்டிலிருந்தே தூக்கிவிடும். அரைவாசி பொருள் மிச்சம் இருக்கும்போதே கழன்று விழுந்த பேட்டை வாழைச்சேனைக்காரர் ஒருவர் கடைக்குக் கொண்டுவந்து மேசையில் வைத்தார். வாங்குகிற கடையில் பழைய பேட்டைக் கையோடு கொண்டுபோய் ஒன்றின்மேல் ஒன்று வைத்துப் பார்ப்பதையும் வெட்கப்படாமல் செய்யுங்கள், ஒரே பெயருள்ள வண்டிக்கு வருஷத்தைப் பொறுத்துப் பேட் மாறும்.

பழைய டிஸ்க்கை லேத்தில் கடைவது: வேண்டாம். கார் டிஸ்க் தடிப்பு, கடையலாம். உங்களுடையது புதுசிலேயே 4 மில்லிமீற்றர் அளவுதான் இருக்கும், எல்லை பெரும்பாலும் 3.5. அந்த எண்ணை டிஸ்க்கிலேயே, நடுப்பக்கமாக, குறைந்தபட்சத் தடிப்பு என்று ஆங்கிலத்தில் வெட்டியிருப்பார்கள். அளக்கும்போது ஒரு தந்திரம் வேண்டும். வேர்னியர் அளவுகோலை விளிம்பில் பிடித்தால் தேயாத கரையைத்தான் அளக்கும், "இன்னும் 4 இருக்கே" என்று ஏமாந்துவிடுவீர்கள். ஒரே மாதிரியான ரூபாய்க் குத்திகள் இரண்டைச் சேர்த்து முதலில் அளந்துகொள்ளுங்கள். பிறகு தேய்ந்த பட்டையின் இரண்டு பக்கமும் ஒவ்வொரு குத்தியை வைத்து, அவற்றின் மேல் வேர்னியரைப் பிடித்து அளந்து, குத்திகளின் அளவைக் கழியுங்கள். விளிம்பில் கரை கட்டிய டிஸ்க் என்று நீங்களே சொல்வதால் விடை 3.5க்குக் கீழேதான் வரும் என்று பந்தயம் கட்டுவேன். 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நின்று 2025 தொடக்கத்தில்தான் திறந்ததால், பழைய வண்டிகளையே இழுத்து இழுத்து ஓட்டுகிறோம். 3 மில்லிமீற்றருக்கு வந்த டிஸ்க்குகளையும் கண்டிருக்கிறேன், ஓட்டினவருக்குத் தெரியாது.

இனிக் கண்டிப் பயணம். பிரேக் பழகி ஒரு கிழமை ஓடியிருந்தால் போகலாம். ஆனால் ஒரு கணக்கைப் பாருங்கள். வண்டியும் நீங்கள் இருவரும் சேர்த்து 275 கிலோ என்று வையுங்கள். 60 கிலோமீற்றர் வேகத்தில் வருகிற அந்தப் பாரத்தை ஒரு தடவை முழுதாக நிறுத்த ஏறத்தாழ 38 கிலோஜூல் சக்தியைப் பிரேக் சூடாக மாற்ற வேண்டும். அதே பாரம் மலையில் 100 மீற்றர் உயரம் இறங்கும்போது 270 கிலோஜூல். எஞ்சின் உதவாவிட்டால், ஒவ்வொரு 100 மீற்றர் இறக்கமும் 60இலிருந்து ஏழு தடவை முழுதாக நிறுத்துவதற்குச் சமம். நடுவில் ஆற நேரமும் இல்லை. செங்கலடி, மகாஓயா, பதியத்தலாவ, மகியங்கனை என்று போகும்போது பதினெட்டு வளைவு உங்களுக்கு ஏற்றம். திரும்பி வரும்போதுதான் அது இறக்கம். போகும்போது ஒன்றும் தெரியாது. வீட்டு நினைப்பில், சாமான் மூட்டையோடு, அலுப்போடு வருகிற பயணத்தில்தான் பிரேக்குக்குச் சோதனை.

இரண்டாவது கியரில் போட்டு எஞ்சினாலேயே பிடித்து இறங்குங்கள். லீவரைத் தொட்டபடியே இழுத்துக்கொண்டு வராமல், வளைவுக்கு முன் பலமாக ஒரு பிடி, பிறகு முழுதாக விடுங்கள். பெற்றோல் மிச்சம் பிடிக்க நியூட்ரலில் உருட்டுகிற ஆட்கள் இருக்கிறார்கள். அவர்களுக்குப் பின்னால் போக வேண்டாம்.

பிரேக் ஒயிலை எப்போது மாற்றினீர்கள் என்று நீங்கள் எழுதவில்லை. அதனால் மாற்றவில்லை என்றே எடுத்துக்கொள்கிறேன். டொட் 4 ஒயில் புதுசாக இருக்கும்போது கொதிநிலை குறைந்தது 230 பாகை செல்சியஸ். அது காற்றிலிருந்து ஈரத்தை உறிஞ்சும், வாவிக்கும் கடலுக்கும் நடுவில் இருக்கிற நமக்கு ஈரத்துக்குக் குறைவில்லை. 3.7 சதவீதம் தண்ணீர் சேர்ந்தாலே போதும், கொதிநிலை 155 வரை இறங்கக்கூடும். கொதித்தால் குழாய்க்குள் ஆவிக் குமிழி, லீவர் பஞ்சு போல உள்ளே போகும். இரண்டு வருஷத்துக்கு ஒரு தடவை மாற்ற வேண்டும், தேநீர் நிறத்துக்கு வந்திருந்தால் இன்றைக்கே. மூடியில் டொட் 4 என்று இருந்தால் அதையே, மூடி உடைக்காத சின்னப் போத்தலாக வாங்குங்கள். டொட் 5 என்பது சிலிக்கன், பெயர் கிட்டத்தட்ட ஒன்றாக இருந்தாலும் ஊற்றக் கூடாது. டாங்கியில் ஒரு சொட்டு விழுந்தாலும் பெயின்ட் உரியும், பக்கத்தில் தண்ணி வாளி வைத்துக்கொள்ளுங்கள்.

பின் பிரேக் டிரம் என்றால், உள்ளிருந்து அழுத்திப் பிடிக்கிற அதன் சூவையும் இதே வேளையில் பார்த்துவிடச் சொல்லுங்கள். டிரம்முக்குள் இருக்கிற தூளைக் கொம்பிரசர் போட்டு ஊத விட வேண்டாம், பழைய சூக்களில் அஸ்பெஸ்டஸ் இருக்கக்கூடும். ஈரத் துணியால் துடைத்தால் போதும்.

இப்போதைக்கு வரிசை இப்படி: இன்று பின்னேரம் வெள்ளைத் துணிச் சோதனை. எண்ணெய் இருந்தால் நாளை பேட் கழற்றி சாண்ட் பேப்பர். ஒயிலும் நாளைக்கே. மறுநாள் விடிய ஐந்தரைக்குப் பட்டிருப்புப் பாலம். மனைவியை அன்றைக்குக் கூட்டிக்கொண்டு போகாதீர்கள், சும்மா சும்மா பிரேக் அடிக்கிறதைப் பார்த்தால் கண்டிக்கே வரமாட்டார்.